ஒரே தட்டில் நூற்றெண்பது கிராம்

உங்களில் ஒருவர் போன வாரம் ஒரு நோயாளியின் உணவுப் பதிவைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். பதினான்கு நாட்கள். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் ஒவ்வொரு நாளும் இலக்கைத் தொட்டிருந்தன. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கீழே, "இப்படி ஒரு நோயாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இல்லையா மேடம்?" என்று எழுதியிருந்தார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். பிறகு, "அவர் எந்தெந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா?" என்று ஒரு வரி பதில் போட்டேன். இன்னும் மறுமொழி வரவில்லை. அதனால்தான் உணவியல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் வேலை பார்த்தேன். போன ஆண்டு ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றேன். வேலை நாட்களில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்பதை நேரத்தோடு எழுதி வைப்பது என் பழக்கம். கீழே வரும் நேரங்கள் அந்த நோட்டில் உள்ளவை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சேகர் என்று வைத்துக்கொள்வோம். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள துறைமுகத்தில், கப்பலிலிருந்து கொள்கலன்களை இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று மாத்திரை. அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் வருடாந்திரப் பரிசோதனையில் ஒரு வரம்பு வைத்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அதற்கு மேல் போனால் கிரேனில் ஏற்ற மாட்டார்கள், கீழே வேலை கொடுத்துவிடுவார்கள். அந்த வருடம் அவருடைய எண் வரம்பைத் தாண்டியிருந்தது. மூன்று மாதம் கெடு கொடுத்து, அதற்குப் பிறகு மறுபடி பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தார்.

நான் அவருடைய எடை, வேலை, பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து, ஒரு நாளைக்கு மாவுச்சத்து நூற்றெண்பது கிராம், புரதம் தொண்ணூறு, கொழுப்பு ஐம்பத்தைந்து என்று வகுத்துக் கொடுத்தேன். இதையெல்லாம் எடை போட்டு எழுத முடியுமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"மிஸ், நான் அவ்வளவு ஒசரத்திலே உக்காந்துகிட்டு ரெண்டு இஞ்ச் கேப்லே பெட்டியை இறக்கறவன். உங்க கிராம் கணக்கு எனக்கு ஜுஜுபி லா."

அவருக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. இத்தனை மணிக்கு இதைச் சாப்பிடு என்றால் இரண்டாவது வாரமே நோட்டை மூடிவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் பதிவுத் தாளில் முன்பு நேரம் எழுத ஒரு கட்டம் இருந்தது. நோயாளிகளுக்கு அலுப்பாக இருக்கிறது என்று அதை எடுத்தவளே நான்தான். அன்று அவரிடம் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதியிருக்கிறேன்: "ஒரு நாளைக்கு இந்த மூணு நம்பரும் வந்தாப் போதும். எப்படி வர வைக்கறீங்கன்றது உங்க சௌகரியம்."

"காலையிலே கொறைஞ்சா சாயங்காலம் ஏத்திக்கலாமா மிஸ்?"

"தாராளமா."

நான் மனதில் வைத்திருந்தது ஒரு இட்லி கூட, ஒரு இட்லி குறைய. அவர் கேட்டது என்ன என்பது எனக்குப் பத்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் தொலைபேசியில், சைவமாகவே இந்தப் புரதத்தைக் கொண்டுவர வழி இருக்கிறதா என்று கேட்டார். முட்டையும் வேண்டாம் என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நம் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சபலம் உண்டு, உங்களுக்கும் வரும். சிக்கலான கணக்கு ஒன்று கிடைத்தால் ஆளை மறந்துவிட்டுக் கணக்கில் இறங்கிவிடுவோம். தெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டியைச் சின்னதாக நறுக்கி மிளகு போட்டு வறுப்பது, தௌகுவா என்கிற கெட்டித் தோஃபுவைப் பருப்போடு சேர்த்துச் சாம்பார் வைப்பது, சோயா உருண்டைக் குருமாவில் தேங்காய்க்குப் பதிலாகத் தயிர் ஊற்றுவது. என் வீட்டு அடுப்பில் செய்து, எடை போட்டு, ருசி பார்த்து, பன்னிரண்டு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். ஏன் திடீரென்று சைவம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வாரம் நான் வரும் மாதத்து நாள்காட்டியைப் பார்த்து, தைப்பூசம் அன்று விடுமுறை என்று எழுதி, அன்றைக்கு இருந்த சேகரின் சந்திப்பைப் பத்து நாள் தள்ளி வைத்தேன். நானும் தமிழச்சி. வருடந்தோறும் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போய்த் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவள். ஒரு கையால் அந்த விடுமுறையைக் குறித்துக்கொண்டே மறு கையால் அவருக்குச் சைவக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பதிவுகள் வாராவாரம் வந்தன. நூற்றெண்பது, தொண்ணூறு, ஐம்பத்தைந்து. நூற்று எழுபத்தொன்பது, தொண்ணூற்றொன்று, ஐம்பத்தைந்து. பிரிவுக் கூட்டத்தில் அதைக் காட்டிப் பாராட்டினேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை 10.40க்கு அவர் மனைவி என் அறைக்கு வந்தார். வாசுகி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் வேலை, அதனால் காலையில் வர முடிந்தது. புதிதாக நாலைந்து குறிப்பு வேண்டும் என்று கணவர் அனுப்பியிருந்தார்.

"தெம்பே அலுத்துப் போச்சா?" என்று கேட்டேன்.

"அலுக்கலே மிஸ். தட்டுதான் பத்த மாட்டேங்குது. இப்பல்லாம் தாம்பாளத்திலே போட்டுக் குடுக்கறேன். அதுவே ரொம்பி வழியுது." சிரித்துக்கொண்டே கைகளை அகல விரித்துக் காட்டினார். "எல்லாத்தையும் ஒரே வேளையிலே சாப்பிடணும்னா மனுசன் எப்படித்தான் சாப்பிடுவாரு? கண்ணுலே தண்ணி வந்துருது. ஆனா ஒரு பருக்கை வைக்க மாட்டாரு. மிஸ் நம்பர் வரணும்னு சொல்லிச் சொல்லியே முடிச்சுருவாரு."

"ஒரே வேளையா?"

"விரதம்லே. மொதல்லே சைவம் மட்டும்தான். இப்போ பத்து நாளா ஒரு வேளை. சாயங்காலம் ஏழு மணிக்கு, வெளக்கு வச்ச பின்னாடி. காவடி எடுக்கறாரே, உங்ககிட்டே சொல்லலையா?"

"சொல்லலையே."

"சர்க்கரை எறங்கணும்னுதான் நேர்த்திக்கடனே. சாப்பாடு மிஸ் கையிலே, மீதி முருகன் கையிலேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றார். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, ஏழு மணிக்குக் கிரேனில் ஏறிவிடுவார். அந்த வாரம் காலை ஷிப்ட். மூன்று மணிக்குத்தான் இறங்குவார்.

அந்த வகை மாத்திரை வயிற்றில் உணவு இருக்கிறதா என்று பார்க்காது. சர்க்கரையை இறக்கும். வாசுகி என்னைச் சமாதானப்படுத்துவதுபோல மேலும் சொன்னார்.

"ஒண்ணும் சோர்வெல்லாம் இல்லே மிஸ். பதினோரு மணி வாக்கிலே கை லேசா நடுங்குமாம், ஒடம்பு வேர்க்குமாம். அருள் வர்ற மாதிரி இருக்கு, விரதம் நல்லா ஏறுதுன்னு சந்தோசமாச் சொன்னாரு."

சுவர்க் கடிகாரம் 10.52 காட்டியது.

நான் அந்தக் கிரேன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசியது 11.14க்கு. நடுவே இருபத்திரண்டு நிமிடம். அதை உங்களுக்குப் பிரித்துக் காட்டுகிறேன். இத்தனை ஆண்டு வேலையில் என்னை இன்னும் உட்காரவிடாமல் செய்வது அந்த இருபத்திரண்டு நிமிடம்தான்.

முதல் ஐந்து நிமிடம் கோப்பை எடுத்து மாத்திரையின் பெயரைச் சரிபார்த்தேன். அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். தெரிந்ததை மறுபடி சரிபார்ப்பது ஒழுங்கு என்று நீங்கள் சொல்லலாம். அன்று அது பயம்.

அடுத்த ஏழு நிமிடம் மருத்துவரைத் தேடினேன். உள்ளே ஒரு நோயாளியோடு இருக்கிறார், இப்போது வர முடியாது என்றார் தாதி. நான் அந்தத் தாழ்வாரத்தில் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தேன். கதவு திறந்தால் முடிவு அவருடையதாகிவிடும் என்ற எண்ணத்தைத் தவிர வேறெதுவும் எனக்குள் ஓடவில்லை. கதவு திறக்கவில்லை.

அறைக்குத் திரும்பியபோது வாசுகிக்கு விஷயம் பாதி புரிந்திருந்தது. கணவருக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். கிரேனில் ஏறும்போது கைபேசியைக் கீழே பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது விதி. மேலே ரேடியோ மட்டும்தான். போர்மேன் எண் தருமாறு கேட்டேன். அவர் கைபேசியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதுவரை மிஸ் என்றவர் அக்கா என்று கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ஆளுக்குப் போன் போடாதீங்க. மேலே இருக்கும்போது மயக்கம்னு ஒரு வார்த்தை காதுலே விழுந்தாப் போதும், எறக்கிருவாங்க. திரும்ப ஏத்த மாட்டாங்க. அந்தச் சீட்டுக்கு ஆறு பேரு காத்துக்கிட்டு இருக்கானுங்க."

"வாசுகி, அவருக்குக் கீழே ஆளுங்க நிக்கறாங்க."

"தெரியுது. அதனாலே பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லேன்னு சொல்றேன். வீட்டுக்கு வரச் சொல்றேன். எறங்கிருவாரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

நல்ல யோசனை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் எண்ணைத் தேடக்கூடத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் அந்தப் பொய் எப்படி நடந்து முடியும் என்று ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போர்மேன் அடுத்த ஆள் வரட்டும் என்பார். மாற்று ஆள் பன்னிரண்டு மணிக்கு. அது வரைக்கும் சேகர் மேலேயே இருப்பார், பிள்ளையை நினைத்துக் கலங்கிக்கொண்டு. இறங்கிய பிறகும் யாரும் அவருக்கு இனிப்பாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் பறந்து வருவார். உண்மையைச் சொன்னால்தான் ஒருவர் அவர் கையில் டம்ளரைக் கொடுப்பார்.

இதை வாசுகியிடம் சொன்னேன். அவர் கைபேசியைத் தரவில்லை. அங்கே ஆறு நிமிடம் போயிருந்தது.

கடைசி நான்கு நிமிடம் எங்கள் பிரிவுத் தலைவிக்குப் போன் செய்தேன். அவர் சீனப் பெண்மணி, கறாரானவர், சொல்லை வீணாக்காதவர். நான் நோயாளியின் ரகசியம், நிறுவன விதி, மருத்துவர் கிடைக்காதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, நான் கேட்பது அனுமதியா, துணையா என்று கேட்டார். அனுமதி என்றால் ஓர் உயிர் விஷயத்தில் அதைக் கேட்க வேண்டியதில்லை என்றார்; துணை என்றால் அங்கே போன் போட்டுவிட்டுத் தன் அறைக்கு வரச் சொன்னார். வைத்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது வாசுகி கைபேசியை மேசையில் என் பக்கமாகத் தள்ளியிருந்தார். திரையில் போர்மேனின் எண் இருந்தது. அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

போர்மேன் மலாய்க்காரர். நான் மருத்துவமனையிலிருந்து பேசுகிறேன் என்றேன். சேகரை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், தானாக இறங்கி வரவிடாதீர்கள், ஒருவர் மேலே போய்க் கூட்டி வரட்டும், போகிறவர் கையில் சர்க்கரை போட்ட தேநீர் இருக்கட்டும் என்றேன். என்ன நோய் என்று கேட்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மாத்திரை போட்டிருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. தேநீரைப் பற்றி இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் ரேடியோவில் கூப்பிடுவது எனக்கே கேட்டது.

11.40க்கு வாசுகியின் கைபேசி ஒலித்தது. எடுத்தார், கேட்டார், என்னிடம் நீட்டினார்.

"போன் போட்டது நான்தான், சேகர்" என்றேன்.

மறுமுனையில் லாரிகளின் சத்தம் கேட்டது.

"பெட்டி தொங்கிக்கிட்டு இருந்துச்சு மிஸ்" என்றார். குரல் தணிந்திருந்தது. "பாதி வழியிலே நிறுத்திட்டேன். எங்க வைக்கணும்னு தெரியலே. கீழே லாரி நிக்குது, பார்க்கறேன், ஆனா எங்க வைக்கணும்னு தெரியலே. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. அப்போதான் ரேடியோவிலே கூப்பிட்டாங்க."

"இப்போ எப்படி இருக்கு?"

"தே குடிச்சேன். பெட்டியை வேற ஆளு ஏறி வச்சான்." பிறகு, "நீங்க வேற ஏதாவது சொல்லி எறக்கியிருக்கலாம்" என்றார். அதோடு தொடர்பு அறுந்தது.

நிறுவனம் தன் விதிப்படி நடந்தது. அன்றே அவரைக் கீழே மாற்றினார்கள். கொள்கலன் எண்களைச் சரிபார்த்து, லாரியை நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டும் வேலை. ஒரு வருடத்துக்குப் பிறகுதான் மறுபரிசீலனை. மருத்துவர் மாத்திரையை மாற்றி மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமாகச் சொன்னார். பகலில் குடித்த அந்தத் தேநீரோடு விரதம் முறிந்துவிட்டது என்று சேகர் எடுத்துக்கொண்டார். அந்தத் தைப்பூசத்தில் அவர் காவடி எடுக்கவில்லை. தம்பியின் காவடிக்குப் பின்னால் நடந்தார் என்று வாசுகி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் தள்ளி வைத்த சந்திப்புக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். அன்று காலை மூன்று முறை வரவேற்பு மேசைக்குப் போய்ப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வராவிட்டால் அது இன்னும் மோசம் என்றும் தோன்றியது.

வந்தார். பாதுகாப்புக் காலணி, முழுக்கை மேலாடை, வெயிலில் கறுத்த முகம். மேலே கிரேனின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தவரின் முகம் முன்பு அப்படி இருந்ததில்லை. மூன்று மாதச் சராசரியின் முடிவை மேசையில் வைத்தார். நிறுவனம் கேட்ட வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது.

"நம்பர் வந்துருச்சு மிஸ்."

அந்த எண்ணைப் பற்றி அவரிடம் உண்மையைச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். சராசரி என்பது ஏறியதையும் இறங்கியதையும் சேர்த்துக் கலக்கிய ஒன்று. தாம்பாளத்துச் சோறு ஏற்றியதும் அதில் இருந்தது, பதினோரு மணி நடுக்கமும் அதில் இருந்தது. எண் நன்றாக இருந்ததற்குக் காரணமே ஓரளவுக்கு அந்த நடுக்கம்தான். நேரத்தை எழுதும் கட்டத்தை எடுத்தவள் நான் என்பதையும், தாராளமாக ஏத்திக்கலாம் என்று சொன்னவளும் நான் என்பதையும், சைவம் ஏன் என்று கேட்காததையும் சொன்னேன். விரதத்தை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் மருத்துவரோடு சேர்ந்து மாத்திரையை மாற்றி, அவர் காவடியும் எடுத்து, கிரேனிலும் இருக்கும்படி ஏதாவது செய்திருக்க முடியுமா என்று தினமும் யோசிக்கிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இப்போ நான் கீழே நிக்கறேன்" என்றார் கடைசியில். "பெட்டி தலைக்கு மேலே போகுது. மேலே இருக்கறவன் நல்ல பையன்தான், கை சுத்தம். ஆனாலும் தெனமும் அவன் ஏறுறதுக்கு முன்னாடி நான் போய் நின்னுருவேன். சாப்டியாடான்னு கேப்பேன். ஆமான்னா என்ன சாப்டேன்னு கேப்பேன். அவனுக்கு எரிச்சல், ஒனக்கு என்ன பைத்தியமான்னு கேக்கறான். பதில் சொல்ற வரைக்கும் நான் லிப்டை விட மாட்டேன்."